ஒரு வருட மார்க்கெட்டிங் பிளேஸ்மென்ட்: என்ன செய்யச் சொல்வார்கள், என்ன கிடைக்கும்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். இங்கிலாந்தில் பிசினஸ் மேனேஜ்மென்ட் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு முழுக்க ஒரு கம்பெனியில் மார்க்கெட்டிங் பிளேஸ்மென்ட் செய்துவிட்டு, நான்காம் ஆண்டு திரும்பி வந்து டிகிரியை முடிக்க ஆசை. திருச்சியில் அப்பா, "படிக்க அனுப்பினேனா, வேலைக்கு அனுப்பினேனா?" என்கிறார். அந்த வருடம் நிஜத்தில் எப்படி இருக்கும், பிரயோஜனம் உண்டா என்று கேட்கிறீர்கள்.

போங்கள் என்றுதான் சொல்வேன். கம்பெனியின் பெயரில் மயங்காமல், அங்கே உங்களுக்குப் போடப்போகிற நாற்காலி எது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். நான் அந்த வருடத்தை ஓர் உணவுப்பொருள் கம்பெனியில் கழித்தவள். இப்போது வேறொரு கம்பெனியில், ஆண்டுக்கு ஒரு பிளேஸ்மென்ட் மாணவரை எடுக்கும் குழுவில் இருக்கிறேன். அதனால் மேசையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். இது நேற்று முளைத்த ஏற்பாடு இல்லை. 1903-லேயே சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்கு இப்படிப் படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். நடுவில் வேலை வருவதால் 'சாண்ட்விச் கோர்ஸ்' என்ற பெயர். 1966-ஐ ஒட்டிப் பல்கலைக்கழகங்களாக உயர்த்தப்பட்ட ஆஸ்டன், பாத், சர்ரே, புரூனல், லஃப்பரோ போன்றவை இதையே தங்கள் அடையாளமாக்கிக்கொண்டன. அங்கே வேலைக்குப் போகாமல் மூன்றே வருடத்தில் முடிப்பவரைத்தான் 'ஏன்?' என்று கேட்பார்கள்.

இனி வேலைக்கு வருவோம். மார்க்கெட்டிங் என்றதும் விளம்பரப் படப்பிடிப்பு, வாசகம் யோசிப்பது, பிரபலங்களோடு கூட்டம் என்றெல்லாம் மனதில் ஓடும். முதல் மூன்று மாதம் நான் அதிகம் பார்த்தது எக்செல். திங்கட்கிழமை காலை என்றால் போன வார விற்பனை அறிக்கை. டெஸ்கோ, சேன்ஸ்பரீஸ், அஸ்டா, மாரிசன்ஸ் போன்ற சூப்பர் மார்க்கெட்டுகளின் கல்லாப்பெட்டிகளில் ஸ்கேன் ஆன விவரத்தை நீல்சன்ஐக்யூ, சர்க்கானா போன்ற நிறுவனங்கள் தொகுத்து விற்கும். அதை இறக்கி, நம் பிராண்டு எவ்வளவு, போட்டி பிராண்டு எவ்வளவு, தள்ளுபடியில் போனது எவ்வளவு, முழு விலையில் போனது எவ்வளவு என்று பிரித்துப் பத்து மணிக்குள் மேனேஜருக்கு அனுப்பவேண்டும். குமாஸ்தா வேலைபோலத்தான் தோன்றும். ஆனால் என்னைக் கேட்டால் மொத்த வருடத்திலும் விலைமதிப்பானது அந்த அறிக்கைதான்.

ஓர் உதாரணம். புது விளம்பரம் ஒன்று வெளியான பிறகு விற்பனை 20 விழுக்காடு கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தயாரித்த விளம்பர ஏஜென்சிக்காரர்கள் விளம்பரத்தின் வெற்றி என்பார்கள். அறிக்கையைத் திறந்து, பொருள் எத்தனை கடைகளில் இருந்தது என்ற பத்தியைப் பார்க்கவேண்டும். முன்பு 500 கடை, இப்போது 600 கடை என்று இருந்தால், ஒரு கடைக்கு வாரம் எத்தனை பாக்கெட் போகிறது என்ற கணக்கு கடுகளவும் மாறவில்லை என்று அர்த்தம். அந்த 20 விழுக்காடும் சேல்ஸ் ஆட்கள் புதிதாகப் பிடித்துவந்த கடைகளால் வந்தது. இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், எந்தக் கூட்டத்திலும் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் மாணவர் இல்லை. பாடப்புத்தகத்திலும் விநியோகம், விளம்பரம் என்று இரண்டும் இருக்கும். தனித்தனி அத்தியாயமாக இருக்கும். இங்கே இரண்டும் ஒரே எண்ணுக்குள் புகுந்துகொண்டு உங்களை ஏமாற்றப் பார்க்கும்.

அடுத்த பெரிய வேலை ஆர்ட்வொர்க், அதாவது பாக்கெட்டில் அச்சாகப்போகும் பிரதி. பாக்கெட்டின் முன்பக்கத்தை டிசைனர் பார்த்துக்கொள்வார். பின்பக்கம் பெரும்பாலும் பிளேஸ்மென்ட் மாணவர் தலையில்தான் விழும். பொருட்பட்டியல், எடை, பார்கோடு, ஒவ்வாமை எச்சரிக்கை எல்லாம் சரிபார்க்கவேண்டும். இந்த நாட்டில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்களை, பட்டியலில் மற்ற எழுத்திலிருந்து தனித்துத் தெரியும்படி அச்சிட்டாக வேண்டும். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக் கடுகும், எள்ளும் அதில் உண்டு. தரக்கட்டுப்பாடு, சட்டப்பிரிவு, பிராண்டு மேனேஜர், அச்சகம் என்று ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்க நாய்படாதபாடு படுவீர்கள். ஒருவர் விடுமுறையில் இருப்பார், இன்னொருவர் பழைய பிரதியில் திருத்தம் போட்டு அனுப்புவார்.

அந்த அலைச்சலில்தான் ஒரு பொருளைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது பிடிபடும். 'நார்ச்சத்து மிகுந்தது' என்று போட, எடைக் கணக்கில் 100 கிராமில் குறைந்தது 6 கிராம் நார் இருக்கவேண்டும். 3 கிராம் இருந்தால் 'நார்ச்சத்து கொண்டது' என்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். அந்தக் கணக்கில் பொருளில் 5 கிராம்தான் இருக்கிறது என்றால் மார்க்கெட்டிங் தலைவரே வந்து கேட்டாலும் முதல் வாசகம் கிடைக்காது. ஆசைக்கும் ஆய்வக அறிக்கைக்கும் நடக்கும் இந்த இழுபறிதான் இந்தத் தொழில் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உணவுத் துறையில் இடம் கிடைத்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான பண்டங்களை இங்கிலாந்தின் பெரிய கடைகளில் வாசலிலும் கல்லாப்பெட்டி அருகிலும் அடுக்கிவைக்க 2022 அக்டோபரிலிருந்து தடை இருக்கிறது. இத்தகைய பண்டங்கள் பலவற்றுக்கு இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சி விளம்பரமும், எந்த நேரத்திலும் கட்டணம் கொடுத்துப் போடும் இணைய விளம்பரமும் கூடாது என்ற விதி 2026 ஜனவரி 5 முதல் நாடு முழுக்க அமலில் இருக்கிறது. நேர்காணலில் இதைப் பற்றி இரண்டு வாக்கியம் தெளிவாகப் பேசினாலே நிமிர்ந்து உட்காருவார்கள். படித்துவிட்டு வரும் மாணவர்கள் அவ்வளவு குறைவு.

சில்லறை வேலைகளும் உண்டு. ஏஜென்சிக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போடுவது, இன்வாய்ஸ் ஏன் வரவில்லை என்று துரத்துவது, மாதிரிப் பொட்டலம் கட்டிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது, இன்ஸ்டாகிராமில் பணம் வாங்கிப் பதிவிடுகிறவர் அது விளம்பரம் என்று குறிப்பிட்டிருக்கிறாரா என்று பார்ப்பது. அப்படிக் குறிப்பிடாவிட்டால் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு ஆணையம் பதிவிட்டவரையும் கேட்கும், கம்பெனியையும் கேட்கும். இவற்றை யாரும் தவிர்க்கமுடியாது, செய்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

சுமார் ஆறாவது மாதத்தில் ஒரு பிரிகோடு வரவேண்டும். அதுவரை மற்றவர்களுக்கு உதவி செய்தவர், அதன் பிறகு சின்னதாக இருந்தாலும் தனக்கென்று ஒன்றை நடத்தவேண்டும்: ஒரு புதுச் சுவையின் அறிமுகம், ஒரு கடைத்தொடரில் மட்டும் நடக்கும் ஒரு பிரச்சாரம், இணையதளத்தின் ஒரு பகுதி. பட்ஜெட் சில ஆயிரம் பவுண்டுதான் இருக்கட்டும். என்ன வேண்டும் என்று ஏஜென்சிக்கு விளக்கும் பிரீஃப் எழுதுவது முதல் கடைசியில் என்ன நடந்தது என்று கணக்குச் சொல்வது வரை உங்கள் கையில் இருக்கவேண்டும். இது கிடைத்த மாணவருக்கும் கிடைக்காதவருக்கும் வருடக் கடைசியில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரியும். எங்களிடம் வேலை கேட்டு வருகிறவர்களிலும் அதைத்தான் பார்க்கிறோம். 'குழுவுக்கு உதவினேன்' என்று எழுதுகிறவரும், 'இதை நடத்தினேன், இவ்வளவு செலவு, இவ்வளவு வந்தது, இந்த இடத்தில் எதிர்பார்த்தது நடக்கவில்லை' என்று எழுதுகிறவரும் ஒரே கம்பெனியிலிருந்துகூட வருவார்கள்.

அதனால்தான் நாற்காலியைப் பற்றி விசாரிக்கச் சொன்னேன். நேர்காணல் முடிவில் 'ஏதாவது கேட்கவேண்டுமா?' என்பார்கள். "போன வருடம் இந்த இடத்தில் இருந்த மாணவர் ஒன்பதாவது மாதத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேளுங்கள். பதில் சட்டென்று, விவரமாக வந்தால் நல்ல இடம். மழுப்பினால் மாதிரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த மாணவரையே லிங்க்ட்இன்னில் தேடிப்பிடித்துப் பேசுங்கள். பெரும்பாலும் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வார்கள்.

இரண்டு வகை இடங்களில் எச்சரிக்கை வேண்டும். மிகப் பெரிய பிராண்டில் வேலை நூலிழையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வருடம் முழுக்க ஒரே அறிக்கையோடு முடிந்துபோகலாம். பத்துப் பேர் இருக்கும் கம்பெனியில் நேர்மாறாக, மார்க்கெட்டிங் துறையே நீங்கள் மட்டும்தான் என்று ஆகிவிடும். எல்லாம் செய்வீர்கள், ஆனால் செய்தது சரியா என்று சொல்ல ஓர் ஆள் இருக்காது. இரண்டில் எது தேவலை என்றால், சொல்லித்தர ஒரு நல்ல மேனேஜர் இருக்கிற இடம். அளவு அப்புறம்தான்.

சம்பளம் இல்லாத பிளேஸ்மென்ட் என்றால் யோசிக்காமல் மறுத்துவிடுங்கள். உயர்கல்விப் படிப்பின் பகுதியாக ஓராண்டுக்குள் செய்யும் பிளேஸ்மென்ட்டுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது. அதனால் சும்மா வேலை வாங்குவது அவர்களுக்குச் சட்டப்படி குற்றமும் இல்லை. ஆனால் ஓராண்டு மார்க்கெட்டிங் வேலைக்குச் சம்பளம் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். கொடுக்காதவர் சொல்லியும் தரமாட்டார் என்பது என் கருத்து.

எப்போது விண்ணப்பிப்பது? பெரிய கம்பெனிகள் இரண்டாம் ஆண்டின் செப்டம்பரிலேயே திறந்துவிடுகின்றன. கடைசித் தேதி டிசம்பர் என்று போட்டிருந்தாலும் ஆள் கிடைத்ததும் மூடிவிடுவார்கள். சின்ன கம்பெனிகள் பிப்ரவரியிலிருந்து மே வரை தேடும், அதனால் கிறிஸ்துமஸுக்குள் கிடைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். லண்டனையே கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். மார்ஸ் ஸ்லவ் ஊரில் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் ரெடிங்கில், பி அண்ட் ஜி வேபிரிட்ஜில். படிவம், எண் கணக்குத் தேர்வு, கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசும் வீடியோ நேர்காணல், கடைசியில் அரைநாள் குழுப்பயிற்சி என்று வரிசையாக வடிகட்டுவார்கள்.

உங்களுக்குப் பிடித்த மார்க்கெட்டிங் எது என்பது தவறாமல் வரும் கேள்வி. எல்லோரும் ஆப்பிள், நைக்கி என்று ஒப்பிப்பார்கள். நீங்கள் ஏன் நம்மூர் ஷாம்பு சாஷேயைச் சொல்லக்கூடாது? கடலூர்க்காரர்கள் ஆரம்பித்த சிக் ஷாம்பு, எந்தக் கம்பெனியின் காலி சாஷேக்களைக் கொண்டுவந்தாலும் ஒரு சாஷே இலவசம் என்று முதலில் அறிவித்தது. பழக்கம் ஏறியதும் சிக் காலி சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றியது. சிறு விலை, சோதனை, பழக்கம் மூன்றையும் ஒரே கதையில் சொல்லிவிடலாம். கேட்பவருக்கு அது அன்று காலையில் பத்தாவது முறையாகக் கேட்கும் கதையாகவும் இருக்காது.

இனி விசா. நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். விண்ணப்பப் படிவத்தில் 'வேலை செய்ய ஸ்பான்சர்ஷிப் தேவையா?', அதாவது உங்கள் விசாவுக்குக் கம்பெனி பொறுப்பேற்கவேண்டுமா என்று இருக்கும். பயந்துபோய் 'ஆம்' என்று போட்டால் கம்ப்யூட்டரே நிராகரித்துவிடும். மாணவர் விசாவில், படிப்பின் மதிப்பிடப்படும் அங்கமாக இருக்கும் பிளேஸ்மென்ட்டுக்குக் கம்பெனி ஸ்பான்சர் செய்யவேண்டியதில்லை. வாரம் 20 மணி நேரம் என்ற கட்டுப்பாடும் அதற்குப் பொருந்தாது. முழு நேரம் வேலை செய்யலாம். பிளேஸ்மென்ட் படிப்பின் அங்கம் என்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் தரும், அதைக் கம்பெனியின் பணியாளர் பிரிவான எச்ஆரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அவர்களில் பலருக்கு இந்த விதி தெரியாது.

ஆனால் உங்கள் சேர்க்கை ஆவணத்தில் படிப்பு மூன்று ஆண்டு என்றிருக்கிறதா, பிளேஸ்மென்ட்டோடு நான்கு ஆண்டு என்றிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மூன்று என்றால் படிப்பை மாற்றி விசாவையும் நீட்டிக்கவேண்டிவரும். நீட்டிப்புக் கட்டணம் தனி, கூடுதல் ஓர் ஆண்டுக்கு சுகாதாரக் கட்டணமே 776 பவுண்டு. வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அந்த வருடத்துக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். உள்நாட்டு மாணவருக்கு இங்கிலாந்தில் அது முழுக் கட்டணத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளும். இன்னொன்று: நடுவில் யாருக்காவது தனியாக இன்ஸ்டாகிராம் விளம்பரம் செய்துகொடுத்துக் காசு வாங்குகிற ஃப்ரீலான்ஸ் ஆசை வரும். மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. மார்க்கெட்டிங் பிள்ளைகளுக்கு இந்தச் சபலம் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

சம்பளக் கணக்கு அப்பாவுக்குப் பிடிக்கும். ஆண்டுக்கு 22,000 பவுண்டு, ஜூலை 1-ல் சேர்கிறீர்கள் என்று வைப்போம். மாதம் 1,833. வருமான வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்குகிறது, 12,570 பவுண்டு வரை வரி இல்லை. ஏப்ரலிலிருந்து சம்பாதிக்காத மாதங்களின் வரிவிலக்கும் சேர்ந்து கிடைப்பதால் அக்டோபர் வரை வருமான வரி பிடிக்கமாட்டார்கள். தேசியக் காப்பீடு மட்டும் மாதம் 63 பவுண்டு போகும், கையில் 1,770 வரும். நவம்பரிலிருந்து 157 பவுண்டு வரி சேர்ந்து, கையில் வருவது 1,613 ஆகிவிடும். சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று பதறவேண்டாம். அடுத்த ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பிடித்த வரியை, அந்த நிதியாண்டில் வேறு வருமானம் இல்லை என்றால், திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்கு வேலையை விடும்போது தரும் பி45 தாளைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

வாடகைதான் விழுங்கும். ரெடிங், ஸ்லவ் பக்கம் ஓர் அறைக்கே மாதம் 700, 800 பவுண்டு கேட்பார்கள். ரயிலில் போய்வரலாம் என்றால், 16-25 ரயில் கார்டு சலுகை சீசன் டிக்கெட்டுக்குக் கிடையாது என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மிச்சம் பிடித்து அடுத்த வருடக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து பணம் வாங்காமல் ஒரு வருடத்தை ஓட்டலாம், அவ்வளவுதான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சங்கடம் தனிமை. கல்லூரித் தோழர்கள் வேறு ஊரில் இருப்பார்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் குடும்பம் குட்டி உண்டு, ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்கள். நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். மாணவருக்கான நீண்ட விடுமுறையும் கிடையாது; வாரம் ஐந்து நாள் வேலைக்கு, பொது விடுமுறைகளையும் சேர்த்து ஆண்டுக்கு 28 நாள்தான் சட்டப்படியான குறைந்தபட்சம். பொங்கலுக்கு ஊருக்கு வருவதானால் அக்டோபரிலேயே கேட்டுவிடவேண்டும். நான்காம் ஆண்டு கல்லூரிக்குத் திரும்பிப் போகும்போது, உங்களோடு படிப்பைத் தொடங்கி மூன்றே வருடத்தில் முடித்தவர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். வகுப்பில் பாதி புதுமுகம். உங்களைப்போலவே பிளேஸ்மென்ட்டுக்குப் போய்த் திரும்பியவர்களோடு சேர்ந்து வீடு எடுத்துக்கொண்டால் அந்தக் கடைசி வருடம் எளிதாகப் போகும்.

கடைசி வருடத்தில் மதிப்பெண் கூடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். என்னோடு திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர்க்குக் கூடியது. காலையில் எழுந்து வேலையை முடிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. ஆனால் கட்டுரை எழுதும் கை ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிடும். முதல் பருவம் கொஞ்சம் தடுமாறும். பிளேஸ்மென்ட் கம்பெனியை வைத்தே ஆய்வுக் கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால், எந்த எண்களைப் பயன்படுத்தலாம் என்று வேலையில் இருக்கும்போதே மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலை லாகின் மூடப்பட்ட பிறகு, வார அறிக்கை ஒன்றைக்கூட உங்களால் திறக்கமுடியாது. ஃபைல்களை வீட்டுக்கு அனுப்பிவைத்துக்கொள்வது ஒப்பந்தப்படி குற்றம். பெயர் சொல்லாமல் விழுக்காடாக மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.